அத்தானோடு மீன் பிடிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

படகில் வைத்துப் பேசினால் எழுந்து போக முடியாது என்பது என் அத்தானுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வீடாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். டீக்கடையாக இருந்தால் கிளாசை வைத்துவிட்டு நடந்திருப்பேன். கரையிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற ஒரு வத்தையில், சின்னப் பாய்ப்படகில், எங்கே போவது? அதற்காகத்தான் என்னை மீன் பிடிக்கக் கூப்பிட்டார். எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஓட்டு வீடு ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்துத் தங்கியிருந்தேன். எங்கள் ஊர் கொத்தமங்கலம் பக்கம். அப்பாவுக்கு விவசாயம். அம்மா நான் படித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். எனக்கு மூத்தவள் ஒரே அக்கா. அவளைப் புதுவயலில் கட்டிக்கொடுத்திருந்தோம்.

அத்தான் அரசாங்க உத்தியோகஸ்தர். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. கடற்கரை ஊர்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இது சரி, இது சரியில்லை என்று ஒரு வரி எழுதுகிற வேலை. அந்த ஒரு வரிக்காகக் கரையில் இருந்தவர்கள் அவருக்கு மீன் கொடுத்தார்கள், இளநீர் வெட்டினார்கள், அவர் கேட்ட நாளில் படகை இறக்கினார்கள். அதை அவர் தன் மேல் உள்ள பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. அவள் மதுரைக்குப் போனாள், திருச்சிக்குப் போனாள். வைத்தியர் கொடுத்த சூரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். சஷ்டி தவறாமல் பட்டினி கிடந்தாள். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் அவளிடம் குறையில்லை, வீட்டுக்காரரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றே சொல்லி அனுப்பினார்கள். அத்தான் போகவில்லை. “எனக்கு என்ன கேடு? கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு இது” என்பார். அவர் வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை. அப்போது அவரை எனக்குப் பிடிக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சத்தமாகச் சிரிப்பார், தாராளமாகச் செலவழிப்பார். அந்த வயசில் எனக்கு அது போதுமாக இருந்தது.

பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் சொல்லி அனுப்பியபடி புதுவயலுக்குப் போனேன். மறுநாள் விடியும் முன்னே அக்கா எழுந்து புளியஞ்சோறு கிளறி, தேங்காய்த் துவையல் அரைத்துத் தூக்குவாளியில் வைத்தாள். அத்தான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து, “ஒனக்கு நீச்சல் தெரியும்ல தம்பி?” என்று கேட்டாள். கண்மாயில் நீந்தியிருக்கிறேன் என்றேன். “கடலும் கம்மாயும் ஒண்ணா? பாத்து இருந்துக்க. அத்தானையும் பாத்துக்க. வெயிலு தலையில ஏறுனா அவுகளுக்குத் தலவலி வந்துரும்” என்று ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் தலையில் போட்டுக்கொள்ள.

மோட்டார் சைக்கிளில் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிப் பக்கம் போனோம். தொண்டிக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு மீன்பிடிக் குப்பம். போய்ச் சேரும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. படகுக்காரர் கரையில் காத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து, நாற்பது வயசு இருக்கும். அத்தானைவிட மூத்தவராகத்தான் தெரிந்தார். அத்தான் அவரை “ஏய், எல்லாம் ரெடியாடா?” என்று கேட்டார். அவர் “ரெடிங்கய்யா” என்று தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மற்ற படகுகள் எல்லாம் விடியுமுன்னே போய்விட்டிருந்தன. கடல் அவ்வளவு நன்றாக இருந்த ஒரு நாளில் அவருடைய வத்தை மட்டும் எங்களுக்காகக் கரையில் கிடந்தது. அதை அன்றைக்கு நான் யோசித்துப் பார்க்கவில்லை.

முழங்கால் தண்ணீரில் நின்று படகுக்காரர் வீச்சு வலையை இரண்டு தடவை வீசினார். உள்ளங்கை நீளத்துக்குச் சாளையும் கொஞ்சம் இறாலும் விழுந்தன. அதுதான் இரை. கணவாய் நாலைந்தை அவர் வீட்டுப் பெண்கள் ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பாய் விரித்துப் புறப்பட்டோம். அந்தப் பக்கத்துக் கடலில் அலை கிடையாது. வளைகுடா, ஆழமும் குறைவு. சத்தம் போடாமல் கிடப்பதால் அதைப் பெண் கடல் என்பார்கள். அத்தான் அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தண்ணீருக்கடியில் கல் இருக்கிற இடத்துக்கு அந்தப் பக்கத்தில் ‘பார்’ என்று பெயர். அந்த இடத்துக்கு மேலே வந்ததும் படகுக்காரர் நங்கூரத்தை இறக்கிப் பாயைச் சுருட்டினார். சாளையைச் சாய்வாக நறுக்கி, துண்டு துண்டாகத் தூண்டிலில் கோர்த்து எனக்கும் அத்தானுக்கும் கொடுத்தார். கம்பு எதுவும் இல்லை. தங்கூசி என்கிற நைலான் நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு, ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் ஒரு முழம் மேலே இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மீன் இரையைக் கொத்துவது விரலுக்குத் தெரியும். முதல் ஒரு மணி நேரம் எனக்கு நல்ல சந்தோஷம். இரண்டு கிழங்கானும் ஒரு நகரையும் கிடைத்தன. அத்தானுக்கு ஒரு கெளுத்தி விழுந்தது. படகுக்காரர் அதை வாங்கி, முதுகு முள்ளையும் பக்கத்து முட்களையும் ஒரு கட்டையால் தட்டி ஒடித்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டார். அந்த முள்ளில் விஷம், குத்தினால் ஆள் துடித்துப்போவான் என்றார்.

சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு அத்தான் பேச ஆரம்பித்தார்.

“மாப்ளே, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவன். ஒனக்குப் புரியும்.”

“சொல்லுங்கத்தான்.”

“ஒன்பது வருசம். நானும் பாத்துட்டேன். இனிமே ஒங்கக்காளுக்கு ஆகாது. எங்க வீட்டுக்கு ஒரு பிள்ள வேணும். எங்காத்தா தெனமும் கண்ணக் கசக்குது. வலையபட்டியில ஒரு எடம் வந்துருக்கு. ஏழப்பட்டவுகதான். அவுகளுக்குச் சம்மதம்.”

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. தத்து எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். “நல்லதுதானத்தான், பிள்ளைக்கு எத்தன வயசு?” என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் இந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

“பத்தொம்பது” என்றார்.

அப்போதும் அவர் கையில் தங்கூசி இருந்தது. இழுத்துப் பார்த்து, இரை போய்விட்டது என்று படகுக்காரரிடம் நீட்டினார். படகுக்காரர் கணவாயை வெட்டிக் கோர்த்துக் கொடுத்தார். நாங்கள் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்தது. விழாமல் இருக்க அந்த வத்தையில் இடம் இல்லை. ஆனால் அத்தானுக்கு அவர் ஓர் ஆளே இல்லை. நங்கூரம், பாய், துடுப்பு, அப்படி அவரும் ஒன்று.

“அக்காளுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியப்படுத்திக்கலாம். அவ எங்குட்டுப் போகப் போறா? அவ பாட்டுக்கு வீட்டுல இருப்பா. சோறு, துணி, மரியாத எதுலயும் ஒரு கொறையும் வராது. நான் என்ன, ஒதுக்கி வைக்கவா போறேன்?”

அவர் இதைச் சொன்ன விதம்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெருந்தன்மையாக ஒன்றைக் கொடுக்கிற மனுஷன் மாதிரி முகத்தை வைத்திருந்தார். சூரணம் தின்றதும் பட்டினி கிடந்ததும் அவள். டாக்டர் முன்னால் கூனிக் குறுகி உட்கார்ந்ததும் அவள். ஒரு நாள்கூட ஒரு டாக்டர் வாசலை மிதிக்காத ஆள் அவளுக்குச் சோறும் துணியும் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சற்று முன்னால் அவர் தின்ற சோறும் அவள் கிளறியது.

தூக்குவாளிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் மடித்த வெள்ளைத்தாள், ஒரு பேனா. கடல் தண்ணீர் படாமல் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

“ஒரு கையெழுத்துப் போடு மாப்ளே. வேற ஒண்ணுமில்ல. நாளைக்கி எவனாவது பொறாமையில ஆபீசுக்கு எழுதிப் போட்டான்னா, பொண்ணு வீட்டுக்காரங்களுக்கே ஆட்சேபண இல்லன்னு காட்டணும்ல.”

முதல் மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அரசாங்க வேலை போய்விடும். யாராவது புகார் கொடுத்தால்தான் கேள்வி வரும். கொடுக்கக்கூடியவர்கள் நாங்கள்தான். எங்கள் வாயை முன்கூட்டியே கட்டி வைக்க ஒரு காகிதம். சட்டத்தில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு நாங்கள் பேசுவோம்? அதுதான் அவர் கணக்கு.

விரித்துப் படித்தேன். முழுவதும் அவர் கையெழுத்தில் இருந்தது. ஆபீசில் எழுதி எழுதிப் பழகிய அழகான கை. எங்கள் மகளுக்கு மகப்பேறு இல்லாத காரணத்தால் மருமகன் மறுமணம் செய்துகொள்வதில் எங்களுக்கு முழுச் சம்மதம், இது குறித்து எந்த இடத்திலும் புகார் செய்யமாட்டோம் என்று எழுதியிருந்தார். கீழே என் பெயர், அதற்கு நேரே காலி இடம். அதற்கு மேலே என் அப்பாவின் பெயர். அதற்கு நேரே என் அப்பாவின் கையெழுத்து.

அப்பா அதிகம் படிக்காதவர். கையெழுத்துப் போடும்போது கடைசி எழுத்தை மட்டும் ஒரு சுழி சுழித்து இழுப்பார். என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளில் எல்லாம் அந்தச் சுழியைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதை யாரும் போலியாகப் போட முடியாது.

“அப்பா எப்பப் போட்டாக?”

“போன மாசமே போட்டுட்டாரு. பெரிய மனுசன் அவரு. சூழ்நிலையப் புரிஞ்சுக்கிட்டாரு.”

போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவும் நானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். உழவைப் பற்றியும் மாட்டுக்கு வந்த காணை நோயைப் பற்றியும் பேசினார். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் அக்கா ஊருக்குப் போய் அவருக்கு ஊறுகாய் போட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள்.

காகிதத்தை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

“என்ன மாப்ளே, பையில வைக்கிற? போட்டுக் குடு.”

“போட மாட்டேன்.”

“ஏன்?”

“ஒங்ககிட்ட ஒரு கொறையும் இல்லன்னு ஒரு டாக்டர்கிட்டப் போயி எழுதி வாங்கிட்டு வாங்க. அப்பறம் போடுறேன்.”

அவர் முகம் மாறியது. என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. “யாரப் பாத்து என்ன பேசுற?” என்று கத்தினார். நானும் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. என் தங்கூசி அது பாட்டுக்குத் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு மீன் இரையோடு இழுத்துக்கொண்டு போனது. படகுக்காரர் எட்டி அதைப் பிடித்து மேலே தூக்கினார். இன்னொரு கெளுத்தி, முந்தினதைவிடப் பெரியது. தூண்டிலைக் கழற்றி மீனைப் பெட்டியில் போட்டுவிட்டு, முள் ஒடிக்கிற கட்டையைத் தேடாமல் நேராக முன்பக்கம் போய் நங்கூரக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்.

“எதுக்குடா தூக்குற?” என்றார் அத்தான்.

“காத்து மாறுதுங்கய்யா. கரைக்குப் போயிருவோம்.”

காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. சுருட்டின பாய்த் துணியின் ஓரம்கூட அசையவில்லை. அத்தானுக்கும் அது தெரிந்தது.

“எங்கடா மாறுது? போடுடா கீழ! நான் சொல்றவரைக்கும் வத்தை இங்கதான் நிக்கும்.”

படகுக்காரர் இழுத்துக்கொண்டே இருந்தார். “மாறுதுங்கய்யா” என்று இன்னொரு தடவை சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

அத்தான் எழுந்து என் சட்டைப் பையைப் பிடிக்க வந்தார். வத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “நிக்காதீக, கவுந்துரும்!” என்று படகுக்காரர் கத்தினார். நான் பின்னால் சாய்ந்தேன். அத்தான் பிடிமானம் இல்லாமல் முன்னால் விழுந்து, வலது கையை மீன் பெட்டிக்குள் ஊன்றினார். அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கெளுத்தியின் முள் உள்ளங்கையில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. மீனும் கையோடு சேர்ந்து துள்ளியது.

எனக்கு இரக்கம் வரவில்லை. இதை மறைத்து எழுத விருப்பமில்லை. நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது நான்தான். படகுக்காரர் மீனின் தலையை நசுக்கி, முள்ளின் பின்பக்கத்து அரம் மாதிரியான பல் சதையைக் கிழிக்காதபடி திருகி மெல்ல வெளியே எடுத்தார். அத்தான் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு “ஆத்தா, ஆத்தா” என்று அழுதார். அக்கா கொடுத்த துண்டால்தான் கையைச் சுற்றிக் கட்டினேன். அவரை உதறித் தள்ளக்கூட முடியாமல் அணைத்துப் பிடித்திருக்க வேண்டியிருந்ததே, அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பாயில் காற்றுப் பிடிக்கவில்லை. படகுக்காரர் துடுப்புப் போட்டார். அத்தான் ஒரு ஓரத்தில் சுருண்டு முனகிக்கொண்டு கிடந்தார். நான் காகிதத்தை எடுத்தேன். சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் கடலில் போட வேண்டும் என்று இரண்டு கையாலும் பிடித்தேன்.

“கிழிக்காதீக” என்றார் படகுக்காரர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். துடுப்பை நிறுத்தாமலே சொன்னார்: “அது யாரப் பத்துன காயிதம்? அந்தத் தாயிகிட்டக் குடுங்க. கிழிக்கிறதா வச்சுக்கிறதான்னு அவுக பாத்துக்கட்டும்.”

அத்தான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். நாளைக்கு இந்த ஆளுக்கு என்ன செய்ய முடியும் என்று கணக்குப் போட்ட பார்வை அது. படகுக்காரர் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கரைப் பக்கம் திரும்பித் துடுப்புப் போட்டார். அப்பா, அத்தான், நான் என்று மூன்று ஆண்கள் அந்தக் காகிதத்தைத் தொட்டிருந்தோம். அவளிடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. அவளை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவருக்குத் தோன்றியது.

கரையில் படகுக்காரரின் மனைவி வெந்நீர் வைத்துக் கையை அதில் முக்கச் சொன்னாள். வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. அத்தானால் ஓட்ட முடியாது. அவரைப் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டினேன். தொண்டியிலிருந்து புதுவயல் வரைக்கும் அவர் இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகிக்கொண்டு வந்தார். திருவாடானைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு, “அந்தக் காயிதத்தக் குடுத்துரு மாப்ளே” என்றார். நான் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. அக்கா வாசலிலேயே பதறிப்போனாள். அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, உப்பு ஒத்தடம் கொடுக்க அடுப்பில் சட்டியைப் போட்டாள். நான் அடுப்பங்கரைக்குப் போய்க் காகிதத்தைக் கொடுத்தேன். அக்கா எட்டாவது வரை படித்தவள். ஒரு கையால் உப்பைக் கிளறிக்கொண்டே படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது.

“அப்பா கையெழுத்துத்தான்” என்றாள்.

“ஆமா.”

“ஒன் கையெழுத்து இல்லையே?”

“போடலக்கா.”

உப்பு பொரிய ஆரம்பித்தது. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உப்பைத் துணியில் கொட்டி முடிந்துகொண்டு உள்ளே போனாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தாள். ஆறினதும் போய்ச் சூடு செய்துகொண்டு வந்தாள். இப்படி மூன்று தடவை. எனக்கு எழுந்து போய் அந்த மூட்டையைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது. நாலாவது தடவை வந்து உட்கார்ந்து, கையில் மூட்டையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“பொண்ணுக்கு என்ன வயசு?”

அத்தான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

“பத்தொன்பதுக்கா” என்றேன் நான்.

“என்னக் கட்டும்போது எனக்கும் பத்தொன்பதுதான்” என்றாள். மூட்டையை அவருடைய இடது கையில் வைத்தாள். “மீதிய நீங்களே ஒத்திக்கங்க.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் என்னோடு காரைக்குடிக்கு வந்துவிட்டாள். ஒரு டிரங்குப் பெட்டி, தையல் மிஷினின் மேல்பாகம், அவ்வளவுதான். மிஷினின் கால் பாகத்தைப் பிறகு நான் போய் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து அத்தான் வந்தார். கை வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. திரும்பி வா என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. காகிதத்தைத்தான் கேட்டார். அக்கா வாசல்படியிலேயே நின்று பேசினாள்.

“நீங்க யாரை வேணும்னாலும் கட்டிக்கங்க. கட்டுன மறுநா இது ஒங்க ஆபீசுக்குப் போகும். முழுக்க ஒங்க கையால எழுதுனதுதான. அவுகளுக்கு அடையாளம் தெரியும்.”

அத்தான் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், பிறகு தெருவில் நின்று அவளைப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினார். ஆனால் வலையபட்டிப் பேச்சு அதோடு நின்றது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, ஒரு ஆம்பளை வாழ்க்கையை இப்படி முடக்கலாமா என்று அக்காவிடம் நியாயம் கேட்டார்கள். அவளுடைய ஒன்பது வருஷத்துக்கு நியாயம் கேட்டு அவரிடம் யாரும் போகவில்லை. வந்தவர்களில் பெண்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்ததை நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் அந்தக் குப்பத்துக்குத் தனியாகப் போனேன். படகுக்காரருக்கு ஏதாவது தொந்தரவு வந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். “அந்தய்யா ஆபீசுலருந்து ஒரு அனுமதிச் சீட்டு வரவேண்டியது இன்னும் வரல. வேற ஒண்ணுமில்ல. அந்தய்யா இங்குட்டு வாரதே இல்ல. அதுவே பெரிய நிம்மதி” என்றார். பிறகு, “அந்தத் தாயி எப்புடி இருக்காக?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அந்தச் சீட்டுக்காக நான் இரண்டு பேரைப் போய்ப் பார்த்தேன். கிடைக்க ஆறு மாதம் ஆனது.

அக்கா அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுத்தாள். பிறகு தையலில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் எழுதி, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரானாள். அத்தான் கடைசி வரை வேலையில் இருந்தார், தனியாகவே இருந்தார். அவருக்காகப் பரிதாபப்பட்டவர்கள் நிறைய. எனக்கு அந்தப் பரிதாபம் இன்றுவரை வரவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஊருக்குப் போய்க் கேட்டபோது, “மூணு மணி நேரம் உக்காந்து அழுதாருப்பா. வீட்டுக்கு வந்த மருமகன் அழுதா நான் என்ன செய்ய?” என்றார். உங்கள் மகள் ஒன்பது வருஷம் அழுதாளே என்றேன். “அது பொம்பளைகளுக்கு உள்ளதுதானப்பா” என்றார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த தைப் பொங்கல் முடிந்து ஒரு நாள் அவரே காரைக்குடிக்கு வந்தார். ஒரு சாக்கில் புது அரிசியும், பூசணிக்காய் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து இலை போட்டாள். அவர் சாப்பிட உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். குழம்பை ஊற்றும்போது அவள் கேட்டாள்.

“கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லப்பா?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “கேட்டா நீ வேணாம்பியே” என்றார்.

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு நொடி அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பிறகு குனிந்து, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டார். கை கழுவி, வெற்றிலை போட்டு, கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் அவரை ஏற்றிவிட்டு வந்தது அக்காதான். நான் போகவில்லை.